ஏழு நாள் பயணத்துக்கு எத்தனை கிரெடிட்? கொழும்பு முகாமைத்துவக் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் வணிக முகாமைத்துவப் பட்டங்களை வழங்கும் நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும் பீடாதிபதிகளுக்கும் பாடநெறி இணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் இப்போதெல்லாம் பட்டத்தின் பெயருக்கு அடுத்த வரியிலேயே ஒரு விமானம் பறக்கிறது. சிங்கப்பூரில் ஒரு வாரம், துபாயில் ஆறு நாள், கோலாலம்பூரில் உலகத்தரக் கற்றல் அனுபவம். காலி வீதியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் வருகிறவர் இப்படிப்பட்ட பதாகை ஒன்றையாவது பார்க்காமல் வீடு போய்ச் சேர முடியாது. அந்த வாரத்தில் என்ன படிப்பீர்கள் என்று சொல்லும் பதாகை மட்டும் இன்னும் என் கண்ணில் படவில்லை.

நான் வார நாள்களில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பவள். வார இறுதிகளில் உங்களில் சிலரிடம் வருகை விரிவுரையாளராக விநியோகச் சங்கிலி முகாமைத்துவம் கற்பிப்பவள். எனவே இதை வெளியாள் ஒருவரின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறுகிய காலப் பயணமே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. ஒரு வாரத்தில் ஒரு விடயத்தை நன்றாகவே கற்றுக்கொள்ளலாம். அந்த ஒரு விடயத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நீங்கள் செய்வதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

என் அண்ணன் மகள் அண்மையில் சிங்கப்பூருக்கு இப்படியொரு பயணம் போய்வந்தாள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. உங்களில் பலருக்கும் பொருந்தும். அவளிடமிருந்து நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை 9.30க்குக் களஞ்சிய நிறுவனம் ஒன்றுக்கு வருகை. 10.15க்குக் குழுப்படம். 10.30க்குப் புறப்பாடு. அதன் பிறகு மாலை வரை ‘பண்பாட்டு அனுபவம்’, அதாவது ஒரு விற்பனை வளாகம். அந்த முக்கால் மணி நேரத்திலும் இருபது நிமிடம் நிறுவனத்தைப் பற்றிய காணொளிக்குப் போய்விட்டது. அது யூடியூபில் கிடைக்கும் காணொளி. அவள் இங்கேயே பார்த்திருந்தாள். கேள்வி நேரத்தில் ஒருவர் மட்டும் எழுந்து, இலங்கையர்களுக்கு இங்கே வேலை தருவீர்களா என்று கேட்டாராம். (முழுப் பயணத்திலும் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.) திரும்பி வந்ததும் 1,500 சொற்களில் ஓர் ஒப்படை. “மாமி, ஒருத்தி எழுதியதையே எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தோம். எல்லாருக்கும் ஏ கிடைத்தது” என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூன்றரை இலட்சம் ரூபாய் கட்டிய அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணத்துக்காக அண்ணி தன்னுடைய காப்பு இரண்டை வங்கியில் அடகு வைத்திருந்தார்.

அந்த மூன்றரை இலட்சத்தின் பற்றுச்சீட்டில் ‘வீசா செயற்பாட்டுக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் குறுகிய காலம் தங்குவதற்குச் சிங்கப்பூர் போக வீசாவே வேண்டியதில்லை. வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணமும் கிடையாது. பிறகு எதைச் செயற்படுத்தினார்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, அது பொதுவான தலைப்பு என்று பதில் வந்தது. ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகிறவர்களுக்கும் ஒரு தகவல். ஷெங்கன் வீசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம். ஆனால் படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கும் அவர்களோடு போகும் ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்று ஷெங்கன் வீசாச் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. விண்ணப்பம் வாங்கும் முகவர் நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு கணக்கு. இந்த விலக்கை மாணவர்களுக்குக் கேட்டுப் பெற்றுக்கொடுத்தீர்களா, அல்லது 90 யூரோவையும் அவர்கள் தலையில் கட்டினீர்களா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கூட்டமாகப் பதிவு செய்யும்போது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஓர் இருக்கையை இலவசமாகத் தருவது பயண முகவர்களின் தொழில் வழக்கம். அந்த இருக்கையில் யார் உட்கார்ந்து போகிறார்கள்? வசதியில்லாத ஒரு மாணவரா, அல்லது பாடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிர்வாகி ஒருவரா?

2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம். 2025இல் 300ஐ ஒட்டி நின்றது. பெற்றோரின் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. டொலரில் செலவாகும் எதையும் பாடவிதானத்துக்குள் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கணக்கியல் கற்பிக்கும் நிறுவனங்களுக்கு நான் இதைச் சொல்லவேண்டியிருப்பது வேடிக்கைதான்.

சரி, பணத்தை விடுவோம், படிப்புக்கு வருகிறேன்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் பயணத்துக்கு மூன்று கிரெடிட் தருவதாக வைத்துக்கொண்டால் அது 150 மணி நேரம். ஏழு நாளும் மாணவர் எட்டு மணி நேரம் மட்டுமே தூங்கி, குளிக்காமல் சாப்பிடாமல் மீதி நேரம் முழுவதும் படித்தாலும் 112 மணிக்கு மேல் வராது. பிரித்தானியப் பட்டம் வழங்குகிறவர்கள் தங்களுக்கு இந்தச் சட்டகம் பொருந்தாது என்று சொல்லலாம். அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம்; வழமையான 20 கிரெடிட் பாடம் 200 மணி நேரம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பயணத்துக்கு முன்னும் பின்னும் இங்கே கொழும்பில் நடக்கவேண்டிய வேலைதான் பெரிது. அந்த வேலைக்கு உங்கள் நேரசூசியில் இடமே இல்லை. பயணத்துக்கு முதல் வாரம் நீங்கள் வைக்கும் கூட்டத்தில் என்ன உடை கொண்டுபோவது, எத்தனை கிலோ பொதி அனுமதி என்பதைத்தான் பேசுகிறீர்கள்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் குறுகிய கால செறிவுப் பயணம் ஐந்து நாள் முதல் முப்பது நாள் வரை இருக்கலாம். ஆனால் இணையவழியில் கூடிப் படிக்கும் பகுதி ஒன்று கட்டாயம். அது இல்லாமல் பயணம் இல்லை. குறைந்தது மூன்று ஐரோப்பிய கிரெடிட் பெறுமதியான வேலையும் வேண்டும். அது 75 மணி நேரத்துக்குக் குறையாது. ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 2011இல் தொடங்கிய களப் பாடத்தில் முதலாண்டு எம்பிஏ மாணவர்கள் சுமார் 900 பேரும் சிறு குழுக்களாக வெளிநாடு போனார்கள். குழுவுக்கு ஒரு நிறுவனம், அந்த நிறுவனத்துக்காக உருவாக்க வேண்டிய ஒரு பொருள் அல்லது சேவை. வேலை பொஸ்டன் வகுப்பறையில் தொடங்கியது. அந்த நாட்டில் இறங்கும்போது கையில் ஒரு யோசனை இருந்தது. அது சரியா பிழையா என்று பார்க்கப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக் கல்விக்குப் போகும் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போவது குறுகிய காலப் பயணங்களில்தான். ஆகவே ஒரு வாரம் என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த விடயத்தில் நம் ஊரின் பெயரே ஒரு வரலாறு. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் இங்கே கூடியதன் விளைவுதான் கொழும்புத் திட்டம். 1951இல் நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் இன்றும் கொழும்பில்தான் இருக்கிறது. அதன் கீழ் ஆசிய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்ப் படித்தார்கள். 2014இல் அவுஸ்திரேலியா அதைத் திருப்பிப் போட்டு, புதிய கொழும்புத் திட்டம் என்ற பெயரில் தன் இளங்கலை மாணவர்களை அரச உதவியோடு இந்தப் பக்கம் அனுப்பத் தொடங்கியது. இலங்கையும் அவர்கள் வரும் நாடுகளில் ஒன்று. அவர்கள் எதைக் கற்க இங்கே வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? நம் தேயிலையை, துறைமுகத்தை, ஆடைத் தொழிலை, 2022இல் நாம் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் போன கதையை. அவர்கள் அரசாங்கக் காசில் விமானம் ஏறி வந்து பார்ப்பதை, நம் மாணவர் 138ஆம் இலக்க பஸ்ஸில் போய்ப் பார்க்காமலே பட்டம் பெறுகிறார்.

ஆகவே என் கோரிக்கை இது: கேள்வியின் முதற்பாதியைக் கொழும்பில் படிக்கவையுங்கள். இரண்டாம் பாதிக்கு மட்டும் விமானம் ஏற்றுங்கள். எந்த நாடு என்பதை அந்தக் கேள்வி தீர்மானிக்கட்டும். பயண முகவரின் சலுகைப் பட்டியல் தீர்மானிக்கக்கூடாது.

சிங்கப்பூர்தான் வேண்டுமென்றால் அதற்கும் கேள்வி இருக்கிறது. 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்டது 4 கோடியே 11 இலட்சம் கொள்கலன் அலகுகள். கொழும்பு கையாண்டது சுமார் 78 இலட்சம். இரண்டு இடத்திலும் பெரும்பங்கு ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றும் சரக்கு. கொழும்பில் அப்படி மாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போவது அல்லது அங்கிருந்து வருவது. 2024 டிசம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் வணிகச் செயற்பாட்டைத் தொடங்கியது. கொழும்பின் மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் வேலையை ஆரம்பித்தது. இந்தியச் சரக்கு இனி எவ்வளவு காலம் நம்மிடம் வரும்? இதைக் கோட்டையில் உள்ள கப்பல் முகவர் அலுவலகங்களில் ஒரு மாதம் விசாரித்துவிட்டுச் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தைப் பார்க்கப் போகிற மாணவர், அங்கே காணொளி போடுகிறவரைக் கேள்வியால் திணறடிப்பார். அதைவிடச் செலவு குறைவான வழி, விழிஞ்ஞத்துக்கே போவது. திருவனந்தபுரம் கொழும்பிலிருந்து ஒரு மணி நேரப் பறப்புத்தான்.

துபாய்க்கும் அப்படியே. அங்கே தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லை. ஆனால் 2005இலிருந்து அரச ஆதரவோடு ஒரு தேயிலை மையம் நடக்கிறது. பல நாட்டுத் தேயிலைகளைக் கலந்து, பொதி செய்து, மறுபடி ஏற்றுமதி செய்கிறார்கள். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொவிட் காலத்தில் அது முழுக்க இணையத்துக்கு மாறிவிட்டது. வெளிநாட்டுத் தேயிலையை இங்கே கொண்டுவந்து கலக்க விடலாமா என்பது நம் தேயிலைத் துறையில் ஆண்டுக்கணக்காக ஓயாத சண்டை. அந்தச் சண்டையின் இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் துபாய் போகும் ஒரு வகுப்பை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். இப்போது போகிறவர்கள் உயரமான கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் பாடம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வேறொன்று. அது திருப்பூர்.

சிரிக்காதீர்கள். பதாகையில் போட்டால் கவர்ச்சி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி ஆடை. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. இங்கே பெரிய குழுமங்கள் சில, ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான தையல் இயந்திரங்கள், வெளிநாட்டு வாங்குநரோடு நேரடி உறவு, பருத்தியோ அநேகமாக முழுவதும் இறக்குமதி. திருப்பூரில் எல்லாமே தலைகீழ். நூல் ஓரிடத்தில், பின்னல் இன்னோரிடத்தில், சாயம் வேறிடத்தில், அச்சு, தையல், பொத்தான், பரிசோதனை என்று ஒரு பனியன் ஊருக்குள்ளேயே பல படிகள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு படியும் ஒரு சிறு முதலாளி. ஜாப் ஒர்க் என்று கூலிக்குச் செய்து கொடுப்பவர். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு நாசமாக்கியதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறித்தான் மறுபடி எழுந்தார்கள். அந்தச் செலவு ஒரு கிலோ துணியின் விலையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அங்குள்ள பட்டறைக்காரரால் சொல்ல முடியும்.

கேள்வி இதுதான்: ஒரே வாங்குநர் ஒரே பருத்தி டீசேர்ட்டுக்குக் கட்டுநாயக்கவிலும் திருப்பூரிலும் விலை கேட்டால், இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் படியில் பிறக்கிறது? மாணவர்கள் முதலில் கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் போகட்டும். நூல், துணி, சாயம், தைக்க ஆகும் நிமிடங்கள், நிமிடத்துக்கு ஆகும் செலவு, கப்பல் கூலி, வங்கி வட்டி எல்லாவற்றையும் போட்டு ஒரு விலைத்தாள் தயாரிக்கட்டும். 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை இழந்து 2017 மேயில் திரும்பப் பெற்றோமே, அந்த வரிகளையும் சேர்க்கட்டும். 2025 ஓகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதமும் நமக்கு 20 சதவீதமும் வரி போட்டபோது அந்தத் தாளில் எந்த எண் மாறியிருக்கும் என்றும் கணக்குப் பார்க்கட்டும். அதன் பிறகு பாதி வெறுமையான அந்தத் தாளோடு திருச்சிக்கு விமானம் ஏறி, அங்கிருந்து சாலை வழியாகத் திருப்பூர் போகட்டும். நாலு நாள் போதும். தாளை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பது நம் தமிழ் மாணவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி. உங்கள் வகுப்புகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்து, ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கிப் பின்வரிசையில் உட்காரும் பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். சிங்கப்பூர் நிறுவனத்தின் கூட்ட அறையிலும் அவர்கள் பின்வரிசையில்தான் உட்காருவார்கள். திருப்பூரில் கட்டிங் மாஸ்டரிடம் தேநீர் குடித்துக்கொண்டே பேசி விடயத்தை வாங்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கட்டுநாயக்கவில் தையல் பெண்களோடு பேச அவர்களுக்குச் சிங்கள நண்பர்களின் துணை வேண்டியிருக்கும், திருப்பூரில் அந்த நண்பர்களுக்கு இவர்களின் துணை. குழு வேலை என்று நாம் வகுப்பில் மணிக்கணக்கில் போதிப்பது இப்படித்தான் நடக்கவேண்டும்.

வணிகம் கற்க வெளிநாடு அனுப்புவது நமக்குப் புதிதும் இல்லை. செட்டியார் தெருவில் பெட்டகம் வைத்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார்கள், பையன்களைப் பெட்டியடியில் உட்காரவைத்துக் கணக்கு எழுதப் பழக்கிய பின்னரே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பினார்கள். ஏஜென்டாகப் போனவருக்கு மூன்றாண்டுத் தவணை. திரும்பி வந்ததும் ஐந்தொகையை முதலாளியிடம் ஒப்புவிக்கவேண்டும். நான் மூன்றாண்டு கேட்கவில்லை. போகுமுன் பழக்கம், வந்தபின் கணக்கு என்ற இரண்டையும்தான் கேட்கிறேன்.

போக முடியாதவர்களைப் பற்றியும் பேசவேண்டும். எம்பிஏ வகுப்பில் பெரும்பாலோர் வேலை பார்க்கிறவர்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் அவர்களுக்குள்ள வருடாந்த விடுமுறை 14 நாள். ஒரு வாரப் பயணம் ஏறத்தாழ அதில் பாதியைத் தின்றுவிடும். கைக்குழந்தை உள்ள பெண்கள், வயதான பெற்றோரைத் தனியே விட முடியாதவர்கள், கடவுச்சீட்டே இல்லாதவர்கள் எல்லாரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகங்கள் தட்டுப்பாடாகிப் பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போகாதவருக்கு நீங்கள் தரும் மாற்று ஒப்படை, நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் ஒரு கட்டுரை. அதற்கு எப்போதும் ஒரு படி குறைந்த புள்ளி. கேள்வியின் முதற்பாதி கொழும்பில் நடந்தால் போகாதவருக்கும் உண்மையான வேலை இருக்கும். போனவர்கள் அங்கிருந்து அனுப்பும் விவரங்களை இங்கே விலைத்தாளில் பொருத்திப் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே. புள்ளிகள் அந்தத் தாளுக்குக் கிடைக்கட்டும். விமான டிக்கெட்டுக்குப் புள்ளி வேண்டாம்.

இவ்வளவும் முடியாது, எங்கள் மாணவர்கள் சுற்றிப் பார்க்கத்தான் விரும்புகிறார்கள் என்று நீங்கள் சொன்னால் அதிலும் தவறில்லை. நான்கு வருடம் கூடப் படித்த நண்பர்களோடு நாலு இடம் பார்ப்பது நல்ல விடயம்தான். அப்படியானால் சுற்றுலா என்றே பெயர் வையுங்கள். விரும்பியவர் மட்டும் போகட்டும். கிரெடிட்டை எடுத்துவிடுங்கள். கட்டணமும் பாதியாகும், யாரும் ஒப்படையைப் பார்த்து எழுதவும் வேண்டியதில்லை.

அடுத்த அணிக்கான பயண அறிவித்தலை நீங்கள் இப்போது தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். அதில் விமானக் கட்டணம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, வீசா, முகவரின் பங்கு, உங்கள் பங்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வரட்டும். இலவச இருக்கை யாருக்கு என்பதும் ஒரு வரியாக இருக்கட்டும். எத்தனை மணி நேர வேலைக்கு எத்தனை கிரெடிட் என்பதை எழுதுங்கள். மாணவர்கள் எந்தக் கேள்வியோடு போகிறார்கள் என்பதை முதற்பக்கத்தில், விமானப் படம் இருக்கும் இடத்தில் போடுங்கள்.

கட்டுநாயக்கவில் இரண்டு தொழிற்சாலைகளிலும் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூன்று மொத்த வியாபாரக் கடைகளிலும் மாணவர்களை அனுமதிக்க என்னால் பேசி ஒழுங்கு செய்ய முடியும். அதற்கு நான் காசு கேட்கப்போவதில்லை. கடைக்காரர்கள் சொல்லியிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. லொறிகள் வந்து நாட்டாமைகள் மூட்டை இறக்கத் தொடங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஆகவே பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு முன்பே அங்கே நிற்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருகை விரிவுரையாளர்களில் ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு 6